பாம்புக்குழி வெல்டா

ஹோல்புரூக் ஊருக்குக் கிழக்கே, அறுபத்தாறாம் எண் நெடுஞ்சாலையின் ஓரமாக, முப்பது மைலுக்கு முன்பிருந்தே மஞ்சள் பலகைகள் வரத் தொடங்கிவிடும். ‘உயிருள்ள கிலுகிலுப்பை விரியன்கள்! இருபத்தெட்டு மைல்!’ என்று ஒன்று கூவும். ‘குழந்தைகளே, அப்பாவை வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்!’ என்று அடுத்தது தூண்டும். பலகைகளுக்கு வண்ணம் பூசியவன் ஓரன் ஹட்சின்ஸ். வாசகங்களைப் பிழையில்லாமல் எழுதித் தந்தவள் அவன் மனைவி வெல்டா. அந்த வாசகங்கள் புகழ்ந்து பேசிய விரியன்களை நினைத்து இருபது ஆண்டுகளாக அஞ்சி நடுங்கியவளும் அவளேதான்.

அச்சத்திற்குக் காரணம் இருந்தது. ஓக்லஹோமாவில், வெல்டாவுக்கு ஏழு வயதாக இருந்தபோது, பருத்திக் காட்டில் அவளுடைய தங்கை ஐலாவை விரியன் தீண்டியது. கணுக்காலில் இரண்டு புள்ளிகள், அவ்வளவுதான். மாலைக்குள் கால் தொடைவரை கறுத்து வீங்கியது. மூன்றாம் நாள் காலையில், படுக்கையிலிருந்து யாரும் ஐலாவை எழுப்பவில்லை. அந்த மூன்று நாள்களும் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அருகிலேயே உட்கார்ந்திருந்தவள் வெல்டா.

பிறகு புழுதிப் புயல்கள் வந்தன, வயல்கள் பறந்துபோயின. மெத்தையைக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு, புது மணமக்களாக அவளும் ஓரனும் கலிபோர்னியாவை நோக்கிக் கிளம்பினார்கள். அரிசோனாவின் இந்த வெட்டவெளியில் வண்டியின் அச்சு முறிந்தது. அச்சு வாங்குவதற்காக ஓரன் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தான். ஒருநாள் பொழுதுபோக்காக ஒரு விரியனைப் பிடித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தான். தண்ணீர் ஊற்றிக்கொள்ள வண்டியை நிறுத்தியவர்களெல்லாம் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். அச்சு வந்து சேர்ந்தபோது அவனுக்குக் கலிபோர்னியா மறந்துபோயிருந்தது. பெட்டி குழியாயிற்று, சிமெண்டுச் சுவர் எழும்பியது, முன்புறம் ஒரு கடை முளைத்தது. வெல்டா கடையிலேயே இருந்துகொண்டாள். அஞ்சலட்டைகள், நவஹோ பழங்குடியினர் நெய்த கம்பளிகள், கல்லாகிப்போன மரத்துண்டுகள் ஆகியவற்றை விற்றாள். குழியின் கைப்பிடிச் சுவரருகே தனியாக ஒருமுறைகூடப் போனதில்லை.

1958ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில், முதல் உறைபனி விழுந்த காலையில், அந்த வழக்கத்தை அவள் முறிக்க நேர்ந்தது. காற்றில் வெளிறிய பலகைகளுக்குப் புதுவண்ணம் பூசுவதற்காக ஓரன் ஏணியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

“குழியில ஒண்ணு மல்லாந்து கெடக்கு, வெல்டா. செத்துப்போச்சு. கொக்கிக் கம்பால எடுத்துப் பின்னாடி கொட்டகையில போட்டுடு. சாயங்காலம் வந்து தோலை உரிச்சுக்கறேன். தொப்பிக்குப் பட்டை கட்ட அருமையான தோல்.”

“நீயே போட்டுட்டுப் போயேன்.”

“வெயில் ஏறறதுக்குள்ள பதினாலு பலகை முடிக்கணும், கண்ணு. செத்த பாம்பு உன்னை என்ன செய்யும்? வேணும்னா அதுகிட்டயே மன்னிப்புக் கேட்டுட்டு எடு.”

சிரித்துக்கொண்டே அவன் புதிய வண்டியில் கிழக்கே போய்விட்டான்.

உறைபனி விழுந்த காலைகளில் விரியன்கள் விறைத்துப்போகும் என்பது வெல்டாவுக்குத் தெரியும். ஆனால் விறைத்தவை சுருண்டுதான் கிடக்கும். மல்லாந்து கிடப்பது செத்ததுதான் என்பது ஓரன் வகுத்த விதி. அந்த விதியை அவள் நம்பினாள். கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூன்றடி நீள விரியனைக் கொக்கியில் தூக்கினாள். அது கயிறுபோல் தொங்கியது. கொட்டகையின் கதவை மணல் மூடியிருந்தது. ஒரு கையால் திறக்க முடியவில்லை. அந்நேரம் பார்த்து வாசலில் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. கடையின் பின்கதவுக்கு உட்புறம், அடுப்பை ஒட்டி, காலியான ஆப்பிள் பெட்டி ஒன்று கிடந்தது. பாம்பை அதில் போட்டு, மேலே ஒரு சாக்கை விரித்துவிட்டு, அவள் முன்பக்கம் ஓடினாள். அடுப்பில் காலையிலிருந்து தீ எரிந்துகொண்டிருந்தது.

வந்தவர்கள் மூவர். ஒஹையோவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடிபெயரும் டுவைட் ஸ்பிரேக், அவர் மனைவி இர்மா, அவர்களுடைய ஐந்து வயது மகள் மார்லா. குழந்தையின் ஒரு கையில் துணிப் பொம்மை; மறுகையில் அதன் படுக்கையாகிய மூடிபோட்ட பிரம்புக் கூடை.

“இதை இங்க வெக்கட்டுமா? பாப்பாவோட படுக்கை சூடா இருக்கட்டும்,” என்று மார்லா அடுப்பருகே கூடையைத் திறந்து வைத்தாள்.

“வை ராஜாத்தி, நல்லா சூடாகட்டும்,” என்றாள் வெல்டா.

மூவரும் பொம்மையோடு குழியைப் பார்க்கப் போனார்கள். கால்மணி நேரம் கழித்துத் திரும்பினார்கள். இர்மா அஞ்சலட்டைகளைப் புரட்டினாள். மார்லா பொம்மையைக் கூடைக்குள் குவிந்திருந்த போர்வையின்மேல் கிடத்தி, மூடியைச் சாத்தி, அதைப் பூட்டும் மரமுளையைச் செருகினாள்.

“அம்மா, கூடை கனக்குது!”

“உன் பாப்பா கடையில இருக்கற மிட்டாயைத் திருட்டுத்தனமா தின்னுருக்கும்,” என்றாள் வெல்டா. எல்லாரும் சிரித்தார்கள்.

“நிஜமாவே அந்த ஆமை வயித்துக்குள்ள போகலாமா?” என்று குழந்தை கேட்டாள். மேற்கே பதினோரு மைலில் ஹோபார்ட் நீலி என்பவன் கட்டிவைத்திருந்த சிமெண்டு ஆமையின் பலகைகளையும் அப்பா வழியில் அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தார்.

“படிக்கட்டே இருக்கு, போ,” என்றாள் வெல்டா.

பச்சை வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. அடுப்புக்கு விறகு போடக் குனிந்தபோதுதான், சாக்கு ஒருபுறம் சரிந்திருந்ததை வெல்டா கண்டாள். கம்பால் அதை விலக்கினாள். பெட்டியில் ஒன்றுமில்லை.

எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. மறுநொடி விற்பனை மேசையின்மீது நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்தபடியே கம்பை நீட்டி விறகுகளைக் குடைந்தாள், கம்பளிகளைக் கலைத்தாள். எதுவும் அசையவில்லை. ‘கூடை கனக்குது’ என்ற குரல் அப்போது காதில் விழுந்தது. தன்னுடைய சிரிப்பும் கூடவே விழுந்தது.

மேசையிலிருந்து இறங்காமலே தொலைபேசியை இழுத்து ஹோபார்ட்டை அழைத்தாள்.

“ஹோபார்ட், ஒரு பச்சை வண்டி வரும். சின்னப் பொண்ணு, பிரம்புக் கூடை. அந்தக் கூடையை யாரையும் தொடவிடாதே. உள்ள எங்க விரியன் ஒண்ணு இருக்கு.”

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது.

“இந்த வருஷம் எத்தனை அடி, வெல்டாம்மா? போன தடவை ஆறடி. இந்தத் தடவை எட்டாவது இருக்கட்டும்.”

“விளையாடாதே! சத்தியமா சொல்றேன்.”

“போன தடவையும் சத்தியம்தான் பண்ணீங்க. ஒரு வாரம் என் ஆமையைப் பாக்க ஈ காக்கா வரல. எல்லாரும் துப்பாக்கியைத் தூக்கிட்டு உங்க கடை வாசல்லதானே நின்னாங்க? ஓரனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.”

தொடர்பு அறுந்தது.

அவன் சொன்னது பொய்யன்று. நான்கு ஆண்டுகளுக்கு முன், வண்டிகள் குறைந்த ஒரு குளிர்காலத்தில், ‘ஆறடி விரியன் தப்பியது’ என்று ஓரன் செய்தித்தாளுக்கு ஒரு கதை கட்டி அனுப்பினான். இந்தச் சாலையில் அது பெரிய குற்றமாகக் கருதப்படவில்லை. எல்லாருமே ஏதோ ஒன்றைப் பெரிதாக்கித்தான் பிழைத்தார்கள். அந்தச் செய்தியின் எழுத்துப்பிழைகளைத் திருத்தி, உறையில் போட்டு ஒட்டியவள் வெல்டா.

அவள் கடையைப் பூட்டவில்லை. கொக்கிக் கம்பைப் பழைய லாரியின் பின்புறம் எறிந்துவிட்டு மேற்கே விரட்டினாள். அவர்களுடைய வண்டியில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். கூடை குழந்தையின் மடியில் இருக்கும். ஒவ்வொரு மைலுக்கும் விரியனுக்குள் உயிர் ஏறிக்கொண்டே இருக்கும். கறுத்து வீங்கிய ஒரு சிறிய கால் கண்ணாடியில் தெரிவதுபோல் இருந்தது. ‘ஆமை! ஐந்து மைல்!’ என்றது ஹோபார்ட்டின் பலகை. ஓரிடத்தில் சாலையோரம் ஒரு கார் சாய்ந்து நிற்க, சுற்றிலும் ஆட்கள் குனிந்து நின்றார்கள். வெல்டா வேகத்தைக் குறைத்தாள். அருகில் வந்து பார்த்தபோது, கார் சிவப்பு நிறம், வெடித்தது சக்கரம்தான். அவளையறியாமல் அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளக் கையை எடுத்தால் வண்டி சாலையைவிட்டு ஓடிவிடும் என்று பயந்து, அப்படியே அழுதுகொண்டே ஓட்டினாள்.

ஆமையின் நிழலில் பச்சை வண்டி நின்றது. அருகே ஒரு மரப்பெஞ்சில் மார்லா உட்கார்ந்திருந்தாள். கூடை அவள் முழங்கால்களுக்கு நடுவே இருந்தது. ஆமையின் வயிற்றைக் காட்டுவதற்காகப் பொம்மையை எழுப்பப்போகிறாள். ஒரு கை முளையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

“தொடாதே! மார்லா, கையை எடு!”

குழந்தை திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். முளை பாதி வெளியே வந்து நின்றது.

“என்னங்க இது?” என்று டுவைட் எழுந்தார். “கடையில ஏதாவது திருடிட்டோம்னு நெனைக்கிறீங்களா?”

“கூடைக்குள்ள விரியன் இருக்கு. குழந்தையைத் தூக்குங்க. மெதுவா.”

ஆமையைப் பார்க்க வந்த பத்துப்பன்னிரண்டு பேர் திரும்பினார்கள். ஒருவர் புகைப்படப் பெட்டியைத் திறந்தார். சிற்றுண்டிக் கடையிலிருந்து ஹோபார்ட் கைகளைத் துடைத்தபடி வந்தான்.

“ஆஹா, நாடகக் கம்பெனி இங்கேயே வந்துடுச்சே! பயப்படாதீங்க ஐயா, இந்தம்மா வியாபாரம் இப்படித்தான். அடுத்த காட்சி எத்தனை மணிக்கு, வெல்டாம்மா?”

“அப்ப, தெறந்து காட்டிடுவோமே,” என்று டுவைட் சிரித்துக்கொண்டே கூடையின் பக்கம் குனிந்தார்.

வெல்டாவுக்கு வேறு வழி தெரியவில்லை. இரண்டே எட்டில் பாய்ந்து, மார்லாவை ஒரு கையால் தாயின் பக்கம் தள்ளிவிட்டு, கூடையின் மூடிமீது உட்கார்ந்துவிட்டாள்.

யாரோ சிரித்தார்கள். அடுத்த கணம், அவளுக்கு அடியிலிருந்து, காய்ந்த விதைகளைத் தகரத்தில் போட்டுக் குலுக்கினாற்போன்ற ஓசை எழுந்தது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு நிறுத்தாமல்.

சிரித்தவர் வாயை மூடினார். ஹோபார்ட்டின் முகம் சிமெண்டுபோல் வெளுத்தது. அவன் இரண்டடி பின்வாங்கினான். அந்த அதிர்வு பிரம்பின் வழியாக வெல்டாவின் உடலெங்கும் ஏறியது. பிரம்புகளுக்கிடையே விரல் நுழையும் அளவு இடைவெளிகள் இருந்தன. எழுந்தால் மூடி திறந்துகொள்ளும். எழாவிட்டால் எந்த இடைவெளி வழியாக எப்போது என்று தெரியாது. கால்களைக் காற்றில் தூக்கிக்கொண்டாள்.

“ஏதாவது பண்ணுங்களேன்,” என்றாள் இர்மா ஹோபார்ட்டிடம். குழந்தையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“எனக்கு ஆமைதானே தெரியும்,” என்றான் அவன் கம்மிய குரலில். “அதுவும் சிமெண்டு ஆமை.”

“உங்க இடுப்பு பெல்ட்டைக் கழட்டுங்க,” என்று வெல்டா டுவைட்டிடம் சொன்னாள். குரல் தன்னுடையதுபோலவே இல்லை. “கூடைக்கு அடியில நீட்டிவிடுங்க. பிரம்பைத் தொடாம. ஹோபார்ட், அந்தப் பக்கம் வந்து பிடி. பயமா இருக்குன்னு எனக்கும்தான் தெரியும். பிடி!”

தோல்வார் அடியில் நுழைந்தது. ஓசை உயர்ந்தது. அவள் ஒருபுறம் சரிய, அவர்கள் வாரை மூடிக்குமேல் கொண்டுவந்து இழுத்துப் பூட்டினார்கள். ஹோபார்ட் அவள் தோள்களைப் பிடித்துத் தூக்கினான். லாரியிலிருந்து கொக்கிக் கம்பை எடுத்துவந்து, அதன் நடுவில் வாரை மாட்டி, டுவைட்டும் ஹோபார்ட்டும் ஆளுக்கொரு முனையாகச் சுமந்து, கூடையை லாரியின் பின்புறத்தில் வைத்தார்கள்.

டுவைட்டின் முகத்தில் ரத்தம் திரும்பியது, கோபமாகத் திரும்பியது.

“ஐம்பது மைல் போயிருந்தா? சொல்லுங்க! ஐம்பது மைல் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?”

“அடுப்புப் பக்கத்துல வெச்சது நான்தான்,” என்றாள் வெல்டா. “செத்துப்போச்சுன்னு நெனைச்சேன். சரியா பாக்கல. பயத்துல பாக்கல.”

இர்மா மகளின் கால்களையும் கைகளையும் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தாள். பிறகு வண்டிக்குள் ஏற்றிக் கதவைச் சாத்தினாள். கண்ணாடிக்குப் பின்னால் மார்லா தன் பொம்மையைக் கேட்டு அழுதது வெளியே கேட்டது.

அன்று மாலை, நடந்ததை வெல்டா ஓரனிடம் சொன்னாள். அவனைப் பழக்கம் விடவில்லை, “இதையே ஒரு பலகையில எழுதினா,” என்று தொடங்கினான்.

“எழுதிப் பாரு,” என்றாள் வெல்டா. “அப்புறம் குழியில இருக்கறதுகளோட நீ தனியா குடித்தனம் பண்ணு.”

பலகை எழுதப்படவில்லை. விரியனைக் குழியில் விட்டபின் கூடையில் கிடைத்த துணிப்பொம்மையை வெல்டா துவைத்து, கடையின் வருகைப் பதிவேட்டில் அவர்கள் எழுதியிருந்த ஒஹையோ முகவரிக்கு அனுப்பினாள். குடிபெயர்ந்தவர்களின் புதிய முகவரி அஞ்சலகத்துக்குத் தெரியவில்லை. பொட்டலம் திரும்பி வந்தது.

விரியன் கூடையில் போன மறுநாள் முதல் குழியின் காலை வேலையை வெல்டா தானே எடுத்துக்கொண்டாள். வேறொருவர் பார்த்துச் சொன்னதை நம்ப அவளால் முடியவில்லை. முழங்கால்வரை உயர்ந்த ஓரனின் பூட்ஸ்களுக்குள் துணியை அடைத்து அணிந்துகொண்டு, கொக்கிக் கம்போடு ஏணியில் இறங்குவாள். மல்லாந்து கிடப்பதைத் தொட்டு, திருப்பி, வெயிலில் வைத்துக் காத்திருந்து பார்ப்பாள். ஒவ்வொன்றாக எண்ணுவாள். எண்ணிக்கை தவறும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். இரண்டு முறையும் ஒரே எண் வந்தால்தான் வாசல் சங்கிலியை அவிழ்ப்பாள். குழியை மூடும்வரை, இன்னும் பதினொரு ஆண்டுகள், அச்சம் ஒருநாளும் அவளைவிட்டுப் போகவில்லை. வாசலில் வண்டிகள் பொறுமையிழந்து ஹாரன் அடிக்கும்.

“என்னம்மா, கடை தெறக்குமா தெறக்காதா?” என்று யாரேனும் கத்துவார்கள்.

“இருங்க,” என்பாள் குழிக்குள்ளிருந்து, கண்ணை எடுக்காமல். “இன்னும் ஒண்ணு தட்டுப்படல.”