சேப்பாக்கத்தில் ஊதிய சங்கு

1949, தை மாதம். சென்னை சேப்பாக்கத்தில் இந்தியாவுக்கும் வெஸ்ட் இண்டீஸுக்கும் டெஸ்ட் மேட்ச். நான் அப்போது தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பாய்மரத் தோணியில் வேலை பார்த்தேன். என் அக்காவின் கணவர் சென்னையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. அவர்தான் டிக்கெட் வாங்கி வைத்து என்னை வரச்சொன்னார்.

புறப்படும்போது எங்கள் தோணியின் தலைவர் (தண்டல் என்போம்) தோணிச் சங்கை என் கையில் கொடுத்தார். மழை மூட்டத்தில் எதிரே வரும் தோணிக்கு, நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று சொல்ல ஊதுகிற சங்கு அது.

"ஏலே, நம்மாளு அடிச்சா இத ஊது. தூத்துக்குடியும் வந்திருக்குன்னு அங்கன தெரியட்டும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மைதானத்தில் அத்தானின் ஆபீஸ்காரர்கள் வெள்ளைவெளேரென்று உடுத்தி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மச்சினனை அவர்களுக்குக் காட்டுவதில் அத்தானுக்கு ஒரு பெருமை. நான் சங்கு இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நம்மவர் ஒருவர் பவுண்டரி அடித்தார். எழுந்து நின்று, தம் பிடித்து ஊதினேன்.

அடுத்த பந்திலேயே அவர் அவுட்.

"யார்யா அது? இது என்ன சாவு வீடா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "இந்தியாவுக்கே சங்கு ஊதிட்டான்யா!" என்றது இன்னொன்று. சுற்றிலும் ஒரே சிரிப்பு. கரையில் இருப்பவர்களுக்குச் சங்கென்றால் எழவு வீடு என்பது கடலிலேயே கிடந்த எனக்கு உறைக்கவே இல்லை. அத்தானின் முகம் சுண்டிப்போய்விட்டது.

"ஏலே, உள்ள வையி. எம் மானத்த வாங்காத" என்று பல்லைக் கடித்தார்.

எல்லைக்கோட்டருகே நின்ற வெஸ்ட் இண்டீஸ் ஆட்டக்காரர் திரும்பிப் பார்த்தார். இரண்டு கைகளையும் குவித்து வாயருகே வைத்து, இன்னொரு தரம் என்பதுபோல் தலையை ஆட்டினார். கூட்டம் இன்னும் சிரித்தது. இவனுமா என்னை நக்கல் பண்ணுகிறான் என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவரை முறைத்துவிட்டுச் சங்கைப் பைக்குள் திணித்தேன். ஓவர் முடிந்து இடம் மாறும்போதும் அவர் திரும்பிப் பார்த்துக் கையைக் குவித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மிச்ச ஆட்டத்தில் நான் பார்த்ததெல்லாம் என் கால்விரல்களைத்தான்.

ஊருக்குத் திரும்பியதும் தண்டல் ஆசையோடு கேட்டார். எல்லாரும் கைதட்டினார்கள் என்று புளுகிவைத்தேன்.

சில வருடம் கழித்து ஒருநாள் எங்கள் தோணி துறைமுகத்துக்குள் நுழையும்போது நான் சங்கு ஊதினேன். வெளிநாட்டுச் சரக்குக் கப்பலிலிருந்து கரைக்கு வந்திருந்த ஒரு மாலுமி அதைக் கேட்டு ஓடிவந்தார். அதே மாதிரி கைகளைக் குவித்து வாயருகே வைத்துக் காட்டினார். எனக்குத் திக்கென்றது. பக்கத்தில் நின்ற துறைமுகக் குமாஸ்தா அவரிடம் இங்கிலீஷில் விசாரித்துவிட்டுச் சொன்னார்:

"வெஸ்ட் இண்டீஸ்காரராம். அவங்க ஊர்லயும் மீனோட படகு வந்தா சங்குதான் ஊதுவாங்களாம். வீட்டு நெனப்பு வந்துட்டாம். இன்னொரு தரம் ஊதச் சொல்லுதாரு."

சங்கை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். நான் கூனிக்குறுகிப்போய் நின்றேன். அன்று அந்த மைதானத்தில் என் சங்கைச் சாவுச் சத்தமாகக் கேட்காதவர் அந்த ஆட்டக்காரர் ஒருவர்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

அத்தனை பேர் சிரித்தது எனக்கு எப்போதோ மறந்துவிட்டது. வீட்டை விட்டு அவ்வளவு தூரம் வந்த ஒருவர் இரண்டு முறை கேட்டும் ஊதாமல் இருந்தேனே, அதை நினைத்தால்தான் இன்றும் வெட்கமாக இருக்கிறது.