தகரக் கொட்டகைக்குக் குடிபோகாத ஆடு

ஒத்தக்கடையில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்த பக்கம் மரமே கிடையாது. பிளாட் போட்டவர்கள் எல்லைக்கல் மட்டும் நட்டுவிட்டுப் போனார்கள். மத்தியானத்தில் நிழல் கிடைப்பது எங்கள் வீட்டு வடபக்கச் சந்தில்தான். குளியலறைத் தண்ணீர் ஓடுவதால் தரை சில்லென்று இருக்கும். அங்கே என் நைலான் கட்டில். நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். மத்தியானத்தில் எந்தக் கதவைத் தட்டினாலும் திட்டுதான் கிடைக்கும் என்பதால், சாப்பிட்டதும் சந்தில் சாய்ந்துவிடுவேன்.

என் மனைவி வளர்க்கும் வெள்ளாடு அப்போது நிறைசினை. போன சித்திரையில் வெயில் தாங்காமல் குறைமாதத்தில் குட்டி போட்டது, இரண்டும் பிழைக்கவில்லை. அதன்பிறகு வெகுநாள் எனக்குச் சோறு விழுந்ததே தவிர, பேச்சு விழவில்லை. இந்தத் தடவையாவது குட்டி தங்கவேண்டும் என்பதே அவளுடைய ஒரே வேண்டுதல்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆட்டுக்காக இரும்புக் குழாய் நட்டு, தகரம் போட்டு, மூன்று பக்கமும் அடைத்து ஒரு கொட்டகை கட்டினேன். மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர்க் குழாய் இழுத்தேன். மாவிலைத் தோரணம் கட்டிப் பால்கூடக் காய்ச்சினேன். ஆடு வந்தது. தோரணத்தைத் தின்றது. போய்விட்டது.

கத்திரி வெயில் தொடங்கியதும் அது விடியற்காலையில் மட்டும் மேய்ந்தது. வெயில் ஏறிவிட்டால் அகத்திக்கீரையை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வாயைத் திறந்து, விலா இரண்டும் துருத்தியாக அடித்துக்கொள்ள மூச்சு வாங்கும். அவிழ்த்துவிட்டால் நேராகச் சந்துக்கு வந்து, என் கட்டிலுக்கடியில் ஈரத்தரையில் படுத்துக்கொள்ளும். மேலே நான், கீழே அது. இரண்டு பேரும் ஒரே தாளத்தில் இரைத்தோம்.

ஒருநாள் அதை இழுத்துப்போய்க் கொட்டகையில் கட்டினேன். அது போட்ட கத்தலில் மனைவி ஓடிவந்தாள்.

"உச்சி வெயில்ல அதை எதுக்கு அங்க கட்டுறீக?"

"அதுக்குன்னுதான கட்டுனேன். பழகிக்கிரும்."

"அம்புட்டு சுகமா இருந்தா நீங்க போய் இருங்க. நான் மோர் கொண்டாரேன்."

ரோஷத்தில் போய் உட்கார்ந்தேன். தகரம் தலைக்கு மேல் படபடவென்று பொரிந்தது. காற்றுக்கு வழியே இல்லை, அடைத்தவன் நான்தான். முகம் கழுவக் குழாயைத் திறந்தால், தேயிலை போடுகிற பதத்தில் தண்ணீர் வந்தது. மாடித் தொட்டி காலையிலிருந்து வெயிலில் காய்வது எனக்கு உறைக்கவே இல்லை. இதைத்தான் வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் குடி, குடி என்று நீட்டியிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து மனைவியின் அண்ணன் வந்து நின்றார்.

"என்ன மாப்ள, நாக்கைத் தொங்கப்போட்டு உக்காந்திருக்கீக? சினையா?"

"எத்தனை மாசம்னு கேக்கலையே மச்சான்."

"வயித்தப் பாத்தாலே தெரியுதுல்ல. ரெட்டைக்குட்டி!"

அன்றைக்கே கட்டிலைத் தூக்கிக்கொண்டு சந்தைக் காலி செய்தேன். ஆட்டுக்கு அங்கே மண்தொட்டியில் பானைத் தண்ணீர் வைத்தாள் மனைவி. அடுத்த நாள் புழுக்கத்தில் அது கழுத்தை நீட்டிப் படுத்துவிட்டது. அவளுக்கு முகம் வெளுத்துப்போனது. என் பையிலிருந்த பாலிசி விளக்கத்தாளை உருவி, பொழுது சாயும்வரை உட்கார்ந்து விசிறினாள். அந்தத் தாளால் ஓர் உயிர் பலனடைந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

பிறகு ஒரு விடியலில் சந்திலிருந்து அவள் குரல் கேட்டது. ஓடினேன். ஒரு குட்டி எழுந்து நிற்கப் பார்த்தது. இன்னொன்று அசையவில்லை. அவள் முந்தானையால் அதன் மூக்கைத் துடைத்து, நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது ஒரு தும்மல் போட்டது. இவள் அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. என்னைப் பார்த்துப் பேசினாள்.

"என்ன வேடிக்கை? போய் உங்க கட்டிலத் தூக்கிட்டு வாங்க. குட்டிக்கு ஈரத்தரை ஆகாது."

இப்போது குட்டிகள் என் கட்டிலில், ஆடு கட்டிலுக்கடியில். நான் மத்தியானத்தில் கொட்டகைக்குப் போகிறேன். அடைப்பைப் பிரித்து, மேலே தென்னங்கீற்று பரப்பியதில் பரவாயில்லை. அங்கிருக்கும் குழாயைத்தான் நான் தொடுவதில்லை, மோர் வருகிறது.