பனியில் வெறுங்கால்: நார்க்கண்டாவிலிருந்து ஹாட்டு உச்சி வரை

நார்க்கண்டாவில் பேருந்து நின்றபோது காலை பதினொன்றேகால். சிம்லாவிலிருந்து அறுபத்தைந்து கிலோமீட்டர். மூன்றரை மணி நேரம். தலைக்குப் பதினாறு ரூபாய். கதவு திறந்தும் யாரும் இறங்கவில்லை. மொத்தப் பேருந்தும் என் நண்பன் ஏழுமலையின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலையில் குரங்குக் குல்லா, உடம்பில் இரண்டு ஸ்வெட்டர், கழுத்தில் ருத்ராட்ச மாலை, இடுப்பில் பச்சை வேட்டி, காலில் ஒன்றும் இல்லை. வெளியே சாலையின் இரு பக்கமும் இடுப்பளவு பனி.

"எறங்கு மச்சி, ஜனங்க வெயிட் பண்றாங்கோ" என்றேன்.

இறங்கினான். ஒரு அடி வைத்தான். இன்னொரு அடி வைத்தான். திரும்பிப் பார்த்து, "ஜில்லுனு கீதுடா. அவ்ளோதான்" என்றான்.

அவ்வளவுதான் இல்லை என்று தெரிய எங்களுக்கு இன்னும் ஒரு நாள் தேவைப்பட்டது.

இந்தக் கோலத்தின் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஸ்டீபன், மண்ணூர். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, வேலை தேடுவதாக வீட்டை நம்ப வைத்துக்கொண்டிருப்பவன். ஏழுமலை பக்கத்துத் தெரு. ஸ்ரீபெரும்புதூர் சாலையில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறான். பெயரில் ஏழு மலை இருந்தாலும் கம்பெனித் தண்ணீர்த் தொட்டியைவிட உயரமான எதிலும் ஏறியதில்லை. நான் அதிலும் ஏறியதில்லை. எங்கள் பக்கம் உயரம் என்பது ஏரிக்கரையோடு முடிந்துவிடும். குளிர்காலத்தில் இமயமலைப் பாதையில் நடந்தே தீருவது என்று போன ஜூனில் முடிவு செய்தோம். அவன் ஓ.டி. பார்த்து விடுப்பு சேர்த்தான். நான் பட்டாளத்திலிருக்கும் மாமாவிடம் தோல் பூட்ஸ் வாங்கி வைத்தேன்.

டிசம்பரில் ஏழுமலையின் அக்கா செல்வி, ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு வந்தாள். அதற்கு முன் இரண்டு முறை எட்டாம் மாதத்தில் அவளுக்குக் குழந்தை வயிற்றிலேயே போயிருந்தது. இந்த முறை தங்க வேண்டும் என்று ஏழுமலை வல்லக்கோட்டை முருகனுக்கு மாலை போட்டான். தைப்பூசம் வரை நாற்பத்தெட்டு நாள்: இரண்டு வேளை பச்சைத் தண்ணீர்க் குளியல், கவிச்சி இல்லை, காலில் செருப்பு இல்லை. வெறுங்காலோடு லைனில் நிற்கக் கூடாது என்று சூப்பர்வைசர் அவனை ஸ்டோர்ஸில் உட்கார வைத்துவிட்டார்.

பயணத்தைத் தள்ளிப்போடலாம் என்றேன். செல்விதான் விடவில்லை. "நீ இங்க குந்திகினு என் வயித்தயே பாத்துகினு இருந்தா எனக்குத்தான்டா பேஜாரு. போயிட்டு வா" என்று தம்பியைத் துரத்தினாள்.

செருப்பில்லாமல் பனியில் நடக்க முடியுமா என்று நாங்களே விஞ்ஞானப்பூர்வமாகச் சோதித்தோம். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு அருகே சோடாக்கடையில் ஒரு ஐஸ் பாளம் வாங்கி, சாக்கின் மேல் வைத்து, ஏழுமலை அதில் பத்து நிமிடம் நின்றான். நான் வாட்ச் பார்த்தேன். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"சித்திர மாசம் தார் ரோட்ல ஓடுன காலு மச்சி இது. சூடுதான் சுடும். குளுரு இன்னா பண்ணும்?" என்றான். எனக்கும் அது சரியாகவே பட்டது. எங்கள் ஊரில் காலைப் பொசுக்கத் தெரிந்தது வெயில் ஒன்றுக்குத்தான்.

பொங்கல் முடிந்த மறுநாள் சென்ட்ரலில் ரயில் ஏறினோம். டெல்லி வரை இரண்டு இரவு, அங்கிருந்து சிம்லாவுக்குப் பத்து மணி நேரப் பேருந்து. இப்போது நார்க்கண்டா. ஒன்பதாயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே கடைத்தெரு, தகரக் கூரைகள், கூரைக்கு மேல் தேவதாரு மரங்கள், அவற்றுக்கு மேல் வேறு எதுவும் இருக்காது என்று நினைத்த இடத்தில் இன்னும் மலை. கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்தேன்.

கடைத்தெருக் கோடியில் கிஷன் என்பவனின் டீக்கடை. எங்கள் வயதுதான் இருக்கும். கோடையில் ஆப்பிள் தோட்ட வேலை. குளிர்காலத்தில் எங்களைப் போல வழி தெரியாதவர்களை மேலே அழைத்துப் போகிறான். கடை மாடியில் அறை, நாளுக்கு நாற்பது ரூபாய். என் தபால்வழி இந்தியும் அவனுடைய ஆப்பிள் வியாபார ஆங்கிலமும் சேர்ந்து எங்கள் பேச்சு நடந்தது. அதைத் தமிழாக்கித் தருகிறேன்.

"இவர் சாமியாரா?" என்று கேட்டான்.

"இல்லை, மெஷின் ஆபரேட்டர்."

விரதத்தை விளக்கினேன். அவன் சிரிக்கவில்லை. "விரதம் நல்லது. ஆனால் கீழே இருப்பது மண் இல்லை" என்று மட்டும் சொன்னான். நாளைக்கு வெயில் வந்துவிடும், பார்த்துக்கொள்ளலாம் என்று நான் பெரிய மனுஷன் போல முடித்துவைத்தேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு ஏழுமலை கடைக்குப் பின்னால் நின்று குளித்தான். வாளியின் மேல் கட்டியிருந்த பனி ஏட்டை உடைத்து, "முருகா" என்று ஒரு சொம்பு ஊற்றினான். இரண்டாவது சொம்புக்குச் சத்தமே வரவில்லை. கிஷனின் மனைவி ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளிருந்து வெந்நீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று பல்லாலேயே பதில் சொன்னான்.

ஏழே முக்காலுக்குப் புறப்பட்டோம். ஹாட்டு உச்சி பதினோராயிரம் அடிக்கு மேல். பாதை ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். முதல் ஒரு கிலோமீட்டர் தானேதார் போகும் சாலையோடு. பிறகு ஒரு கிளைப்பாதை காட்டுக்குள் ஏறுகிறது. கோடையில் அதில் ஜீப் போகுமாம். இப்போது பாதை என்பதே இரண்டு மர வரிசைக்கு நடுவே படிந்த வெள்ளை மடிப்பு மட்டும். கிஷன் முன்னால் போய்க் கோலால் குத்திப் பார்த்துக் காலை வைப்பான். நாங்கள் அந்தக் குழியிலேயே வைக்க வேண்டும். ஓரத்தில் வைத்தால் தொடை வரை இறங்கிவிடும்.

போகாதவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் அமைதி என்றால்கூட ஏதாவது ஒரு கம்பெனியின் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும். இங்கே நாங்கள் நின்றால் உலகமும் நின்றது. என் காதுக்குள் ரத்தம் ஓடுவதைக் கேட்டேன். தேவதாருக் கிளையிலிருந்து ஒரு கைப்பிடி பனி உதிர்ந்தால் அது தரையைத் தொடும்வரை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்பது மணிக்கு வெயில் மரங்களுக்கிடையே சாய்ந்து இறங்கியபோது காற்றே மினுங்கியது. அதில் மிதந்த பொடிப் பனித்துகள்கள் தங்க ரேக்கு போலச் சுழன்றன. நான் நிறையப் பேசுகிறவன். அரை மணி நேரம் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

"இன்னா மச்சி, வாயில பனி பூந்துச்சா?" என்றான் ஏழுமலை.

அதுதான் அவன் அன்று அடித்த கடைசி ஜோக்.

நான்காவது கிலோமீட்டரில் அவன் நடை மாறியது. கட்டையை ஊன்றுவது போலப் பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்தான். வலிக்கிறதா என்று கேட்டேன். "இல்லடா, இப்ப சுத்தமா வலியே இல்ல. பழகிடுச்சு" என்றான். பின்னால் வந்த நான் அவன் காலடிக் குழிகளைப் பார்த்தேன். ஒவ்வொரு இரண்டாவது குழியிலும் குங்குமம் சிந்தியது போல ஒரு சிவப்பு. உறைந்த பனியின் விளிம்பு குதிகாலைக் கிழித்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை.

கிஷனைக் கூப்பிட்டேன். அவன் ஏழுமலையை ஒரு மரத்தடியில் உட்கார வைத்து விரல்களைப் பார்த்தான். மெழுகுபோல வெளுத்திருந்தன. நான் தேய்த்துவிடப் போனேன்; என் கையைத் தட்டிவிட்டான். தன் கோட்டைத் திறந்து, சட்டையைத் தூக்கி, அந்த இரண்டு பாதங்களையும் தன் வெறும் வயிற்றில் வைத்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முந்தின நாள்தான் பார்த்த ஒருவனின் ரத்தக் கால்.

"வலி வர வேண்டும். வந்தால் கால் இருக்கிறது" என்றான்.

பத்து நிமிடம் போயிருக்கும். ஏழுமலையின் முகம் கோணியது. பிறகு அழுதான். பிரஸ்ஸில் விரல் நசுங்கியபோதுகூட அழாதவன். கிஷன் திருப்தியாகத் தலையாட்டினான். "இனி வெறுங்கால் இல்லை. மேலே போனாலும் சரி, கீழே போனாலும் சரி."

என் பூட்ஸைக் கழற்றி நீட்டினேன்.

"எடுத்துட்டுப் போடா. பூசத்துக்கு இன்னும் எத்தினி நாளு கீது? இப்பப் போட்டுட்டு, அங்க அக்காவுக்கு எதுனா ஆச்சுன்னா? ஆயுசு பூரா இந்தக் காலப் பாத்துகினு நான் எப்டிடா இருப்பேன்?"

"காலே இல்லாமப் போனா எதப் பாப்ப?"

"போனாப் போவுது."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கீழே நான்கு கிலோமீட்டர், மேலே மூன்று. எப்படியும் அவன் நடந்தாக வேண்டும். ஐஸ் பாளத்தின் மேல் நிற்கவைத்து வாட்ச் பார்த்த ஆள் நான்.

கிஷன் தன் பையிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்தான். அதில் இரண்டு ஜோடி புல் செருப்பு. அடியில் வைக்கோலும் நாரும் முறுக்கிப் பின்னிய தடித்த பாய். மேலே கம்பளி நூலில் சிவப்பும் பச்சையுமாகப் பூ. அதை அவர்கள் 'பூலா' என்கிறார்கள். உச்சியில் ஹாட்டு மாதா கோயில் இருக்கிறது. அந்த அம்மன் முன்னால் தோல் ஆகாது. பனியில் வெறுங்காலும் ஆகாது. அதனால் கோயிலுக்கென்றே புல்லில் பின்னி வைத்திருக்கிறார்கள். ஒரு ஜோடி அவனுடையது, இன்னொன்று அவன் மனைவியுடையது.

ஏழுமலை அதை வாங்கி, கம்பெனியில் வரும் பாகத்தைச் சோதிப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்னலை விலக்கிப் பார்த்தான். மோந்து பார்த்தான்.

"தோலே கெடயாதா? கேளு."

கேட்டேன். கிடையாது.

"இதப் போட்டுகினு அம்மன் எதிர்ல போய் நிப்பானா? கேளு."

"வாசற்படி வரை" என்றான் கிஷன்.

"அது கோச்சுக்காதா?"

"இதுவரை இல்லை. பூவைக் கிழித்துக் கொண்டுபோனால் என் மனைவி கோபிப்பாள்."

ஏழுமலை செருப்பைப் பனியின் மேல் ஜோடியாக வைத்தான். பிறகு மாலையைப் பிடித்துக்கொண்டு, தெற்கு எது என்று என்னிடம் கேட்டு, அந்தப் பக்கம் திரும்பினான். "முருகா, செருப்பு போடல. புல்லு மேல நடக்குறேன்" என்றான். பொம்பளைப் பூ போட்ட அந்தச் செருப்பு அவனுக்குக் கச்சிதமாக இருந்தது. நான் சிரிக்கவில்லை. பின்னால் ஒருநாள் சிரித்துக்கொள்ளலாம் என்று எடுத்துவைத்தேன்.

பதினொன்றரைக்கு மரங்கள் முடிந்தன. கோயிலுக்கு நூறு அடி முன்னால் கிஷன் தன் பூட்ஸைக் கழற்றிப் பூலாவை மாட்டினான். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். முதலில் பூட்ஸை, அடுத்து பெல்ட்டை.

"நான் சர்ச்சுக்குப் போற ஆளு. இங்கயே நிக்கிறேன்" என்றேன்.

"உங்க ஆளுங்க வேளாங்கண்ணிக்கு வெறுங்கால்ல நடக்கறதில்ல? கழட்றா" என்றான் ஏழுமலை.

சாக்ஸ் நனைந்து விறைத்திருந்தது, அதையும் கழற்றினேன். ஒரு கையில் பேண்டைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். முதல் பத்து அடி குளிர். அடுத்த பத்து அடி, சத்தியமாகச் சொல்கிறேன், நெருப்பு. அடுப்புத் தணலில் இறங்கியது போலிருந்தது. இதன் மேல் இவன் நான்கு கிலோமீட்டர் வந்திருக்கிறான்.

மேலே போய் நிமிர்ந்தேன். வானத்தின் ஓரம் முழுக்க மலை. வடக்கே ஒரு கோடியிலிருந்து கிழக்கே மறு கோடிவரை, ஒன்றின் தோளில் ஒன்றாக, வெள்ளை வெள்ளையாக. கீழே சட்லெஜ் பள்ளத்தாக்கில் மேகம் கிடந்தது. நாங்கள் அதற்கு மேல் நின்றோம். பார்க்கப் பார்க்க அது முடியவில்லை. சுருங்கிச் சுருங்கி நான் ஒரு கடுகளவு ஆனேன். அதில் பயமில்லை, நிம்மதியாக இருந்தது. என் கால் எரிவதை எப்போது மறந்தேன் என்று தெரியாது. ஏழுமலை மூடிய கதவுக்கு முன்னால் கைகூப்பி நின்றான். பிறகு திரும்பி அந்த மலைகளைப் பார்த்துவிட்டு, கூப்பிய கையைப் பிரிக்காமலே என் பக்கம் வந்து நின்றான்.

இறங்கியது, டெல்லி, ரயில் எல்லாம் சுருக்கமாகவே நினைவிருக்கிறது. வழியெல்லாம் அவன் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தான்: "தப்புப் பண்ணிட்டனா மச்சி?" எனக்கு அந்தக் கணக்கு தெரியாது என்றேன்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் மதியம் மண்ணூரில் இறங்கினோம். எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. செல்வி கூடத்தில் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் ஏழுமலை சொன்னான்:

"அக்கா, நான் கால்ல போட்டுட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னான். "காலத் தூக்கி இங்க வையி" என்றாள். கறுத்துத் தோலுரிந்துகொண்டிருந்த பெருவிரலை அழுத்தினாள்.

"தெரியுதா?"

"தெரியுது."

"அங்க ரத்தம் வந்தப்போ வலிச்சுதா?"

"இல்லக்கா. சுத்தமா வலியே இல்ல."

அவள் விரலை விடவில்லை. "எனக்கும் ரெண்டு வாட்டியும் அப்டித்தான்டா. வலியே இல்ல. ரெண்டு நாளு சும்மா கெடந்துச்சு. தூங்குதுன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றாள். பிறகு முகத்தைச் சுளித்து விலாவில் கை வைத்தாள். "இது எத்தி எத்தி உசுர எடுக்குது. குந்த முடியல, படுக்க முடியல."

அவள் சேலை இடப்பக்கம் ஒருமுறை துள்ளியது. நாங்கள் இருவரும் பார்த்தோம். மறுபடி துள்ளியது. கடல் மட்டத்திலிருந்து இருநூறு அடிகூடத் தேறாத அந்த வீட்டில், ஹாட்டு உச்சியில் நின்றது போலவே நின்றுகொண்டிருந்தோம். ஏழுமலை பெஞ்சிலிருந்து காலை எடுக்கவில்லை.

"இன்னாடா ரெண்டு பேரும் கம்பம் மாதிரி நிக்கறீங்கோ?" என்றாள் செல்வி. "எத்துதுன்னுதான சொன்னேன்."