மோட்டார் கட்டிய மூன்று படி

என் வீட்டுக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மோட்டார் என்பார்கள். கால்வாய் ஓரத்துப் பம்பு அறையில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தார். மழை பெய்தால் தெருச் சாக்கடை நிறையும், இவர் மோட்டாரைப் போடுவார், தண்ணீர் கால்வாய்க்குப் போகும். மழை இல்லாத நாளில் அந்த மோட்டாரும் சும்மா, இந்த மோட்டாரும் சும்மா.

சும்மா இருக்கிற மனுஷன் சீட்டு ஆடலாம், குறட்டை விடலாம். இவர் உலகத்தை மூழ்கடித்தார். நோட்டில்தான். கடல் ஊருக்குள் ஏறி வந்து திரும்பிப் போகாத ஒரு காலத்தை உட்கார்ந்து உட்கார்ந்து எழுதினார். பதினெட்டு நோட்டு. எனக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. அவர் வாசித்துக் காட்டுவார், நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே திட்டுவேன்.

முதல் நோட்டில் கடல் அங்குலம் அங்குலமாக ஏறும். கடைசி நோட்டு வரும்போது தரைத்தளம் என்பதே கிடையாது. மாடியில் பிறந்து மாடியில் சாவார்கள். யார் எத்தனாவது மாடியோ அதுதான் அவர்களுக்கு மரியாதை. மண் அவ்வளவு அருமை என்பதால் பெண்கள் ஒரு பிடி மண்ணைக் குப்பியில் அடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். பறவைகள் வெயில் தாங்காமல் பறப்பதை விட்டுவிட்டு நடக்கும். எங்கள் தெருவை வாழ்நாள் முழுக்க ஏமாற்றிய தண்ணீர் லாரிக்காரன் அதில் மந்திரி.

"ஊரே முழுகினப்புறமும் அந்த ஆளுதான் மந்திரியா?" என்று கேட்டேன்.

"வேற யாரு ஆவா?" என்றார்.

பதினெட்டு நோட்டில் அந்த ஒரு இடத்துக்குத்தான் நான் சிரித்தேன்.

கதை புளுகு. அளவு புளுகு இல்லை. கால்வாய்க் கரையில் நட்ட அளவுக் கல்லிலிருந்து ஒவ்வொரு வீட்டு வாசலும் எத்தனை அங்குலம் உயரம் என்று பம்பு அறையில் ஒரு பதிவேடு இருந்தது. எந்த வீட்டுக்குள் தண்ணீர் முதலில் நுழையும் என்று தெரிந்தால்தானே நேரத்துக்கு மோட்டார் போட முடியும்? அந்தப் பதிவேட்டை அப்படியே கதைக்குள் இறக்கிவிட்டார். கடல் பதினொரு அங்குலம் ஏறிய அன்று வெல்டருக்கு வாசல் போயிற்று, பதினாலு ஏறிய அன்று பால்காரருக்குப் போயிற்று, இப்படியே போகும்.

எங்கள் வீடு ஏழு அங்குலம். தெருவிலேயே பள்ளம். படி கிடையாது, தெருவில் எடுத்து வைத்த கால் அப்படியே வீட்டுக்குள் இருக்கும். எந்த மழைக்கும் முதலில் நனைவது மோட்டார் பெண்டாட்டியின் பாய்தான். தரையை உயர்த்தி மூணு படி கட்டுங்கள் என்று கேட்டுக் கேட்டு என் வாய் தேய்ந்தது. நாளைக்கு என்பார். ஊருக்கெல்லாம் தண்ணீர் இறைக்கிறவர், சொந்த வீட்டுத் தண்ணீரை நான்தான் முறத்தால் தள்ள வேண்டும். ஒருநாள் ஆத்திரம் தாங்கவில்லை.

"உலகத்தையே முழுகடிக்கத் தெரியுது, மூணு படி கட்டத் தெரியல. அந்தக் கதையிலயாவது கட்டித் தொலைங்க" என்றேன்.

அவர் பேனாவைத் திறந்தார். எக்கேடோ கெட்டுப் போ என்று நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்றைக்கு எழுதினதை மட்டும் அவர் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

பம்பு அறை நாற்காலியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அழுதேன். பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. நோட்டுகளைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடக் கட்டி வைத்தேன். மூலை வீட்டு மாடியில் இருக்கும் தையல்காரி ஒரு கதைப் பைத்தியம். குடுங்கக்கா நான் படிக்கிறேன் என்று தூக்கிக்கொண்டு போனாள். இதையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

மூன்று வருஷம் கழித்து நிஜமாகவே தண்ணீர் வந்தது. அவர் கதையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், ஜன்னலில் மீன் எட்டிப் பார்க்கும். எங்களுக்கு வந்தது கக்கூஸ் தண்ணீர், ஒத்தைச் செருப்புகள், வயிறு உப்பின ஒரு நாய். பதினெட்டு நோட்டு எழுதின மனுஷன் நாற்றத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. நாலாம் நாள் வடிந்தபோது சுவரெல்லாம் ஊறிப் பிளந்து கிடந்தது. மெஷின் வந்து எல்லாவற்றையும் வாரித் தள்ளியது. மூலையில் நாலு வீடு மட்டும் நின்றது. நாங்கள் இருபத்திரண்டு குடும்பம் பள்ளிக்கூடத்து வகுப்பறைகளில், குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம்.

ஆபீஸிலிருந்து அளவு பார்க்கிற மேடம் வந்தார். கால்வாய்க் கல்லிலிருந்து இரண்டடிக்கு, அதாவது இருபத்துநாலு அங்குலத்துக்குக் கீழே வாசல் இருந்த வீட்டுக்காரர்களுக்குப் புதுக் கட்டடத்தில் மாடி வீடு. மேலே இருந்தவர்களுக்கு அதே இடமும் தகரமும். சட்டம் சரி, அளவு எங்கே? வீடே இல்லை, பம்பு அறைப் பதிவேடும் தண்ணீரில் கூழாகிவிட்டது. அப்போதுதான் தையல்காரி நோட்டுகளோடு வந்தாள்.

மேடம் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தார். நிற்கிற நாலு வீட்டையும் டேப் பிடித்து அளந்தார். அங்குலம் பிசகவில்லை. எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார்.

"கதை நோட்ட ஆதாரமா வெச்சுக் கையெழுத்துப் போடுறேன், என் வேலைக்குத்தான் ஆபத்து. நாலும் சரியா இருக்கு, அதனால ஒத்துக்கிறேன். ஒரு அளவு பொய்னு தெரிஞ்சாலும் நோட்டயே தூக்கிப் போட்டுடுவேன். அப்புறம் யாருக்கும் வீடு கிடையாது" என்றார்.

வாசித்தார். வெல்டர் பதினொன்று. பால்காரர் பதினாலு. ஒவ்வொருவர் முகமும் மலர்ந்தது. கடைசியில் எங்கள் வீடு.

முப்பத்தொன்று.

ஏழும் மூன்று எட்டும் முப்பத்தொன்று. படிக்கு எட்டு அங்குலம் வைத்து மூன்று படி கட்டியிருக்கிறார் மனுஷன். கல்யாணமானதிலிருந்து நாற்பது வருஷம் கேட்டும் ஒரு செங்கல் வைக்காதவர், மசியில் கட்டியிருக்கிறார்.

நான் வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து வெல்டர் என் முழங்கையைப் பிடித்தான். மூன்று பிள்ளைக்காரன்.

"அக்கா, இப்ப நீங்க பேசினா நோட்டு பொய்யாயிடும். உங்க கால்ல விழறேன்."

மேடத்துக்கும் உறுத்தியிருக்கிறது. எல்லாரும் இருபதுக்குள்ளே, இது ஒன்று மட்டும் எப்படி என்று என்னைப் பார்த்தார்.

"அம்மா, உங்க வீட்டுக்கு நெஜமாவே மூணு படி இருந்துச்சா?"

இருபத்திரண்டு குடும்பத்துக்கும் தெரியும், அங்கே ஒரு கல் இருந்ததில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். என் வாய்க்குப் பயந்த தெரு அது. அந்த வாயை என்ன செய்யப் போகிறேன் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இருந்துச்சு மேடம்" என்றேன். "மழைன்னா வழுக்கும்."

கைரேகை வைக்கச் சொன்னார். வைத்தேன்.

தையல்காரி அந்தப் பக்கத்தைப் பிறகு வாசித்துக் காட்டினாள். தெரு முழுக்க முழுகின பிறகும் மோட்டார் பெண்டாட்டி மூன்றாவது படியில் கால் நனையாமல் உட்கார்ந்து கடலைத் திட்டிக்கொண்டிருந்தாளாம், கடலே கொஞ்சம் பின்வாங்கியதாம். தையல்காரிக்குக் கண் கலங்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டிருந்தால் அரை நாள் வேலை.

எல்லாருக்கும் சாவி கொடுத்து முடிந்த பிறகு ஆபீஸுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அந்த மேடம் மாற்றலாகிப் போய்விட்டார். மேஜையில் இருந்தவன் ஃபைலைத் திருப்பி என் பெருவிரல் ரேகையைக் காட்டினான். மூணு படி இருந்துச்சுன்னு நீங்களே வெச்சது, இதுக்கு மேல நான் என்ன பண்றது என்றான்.

இப்போது பழைய இடத்திலேயே தகரக் கொட்டகை. எதிரே புதுக் கட்டடம். வெல்டர் மூன்றாவது மாடியிலிருந்து கையாட்டுகிறான். இரும்பிலேயே மூணு படி அடித்துத் தருகிறேன் என்று அவன் சொல்லி ஒன்பது மாதம் ஆகிறது. கேட்டால் நாளைக்கு என்கிறான்.

நேற்று மழை. மாடியில் எல்லாரும் ஜன்னலைச் சாத்தினார்கள். நான் முறத்தை எடுத்தேன். ஏழு அங்குலம்தான், இப்போதும்.