ஆறு மணித் தாகம்

அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் அம்மாவுக்குத் தாகம் எடுத்தே தீரும். டிவியில் கதாநாயகனும் கதாநாயகியும் ஒருவரை ஒருவர் உற்றுப் பார்த்தபடி கிட்டே வர ஆரம்பித்தால் போதும், அவளுடைய தொண்டை வறண்டுவிடும்.

"பெரியவளே, ஒரு டம்ளர் தண்ணி கொண்டா."

பெரியவள் எழுந்து போவாள். அவள் மட்டும் போனால் ஆயிற்றா? சின்னவன் கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்பான். "நீயும் போடா, அப்பாவுக்கு ஒண்ணு எடுத்துட்டு வா." அக்காவும் தம்பியும் சமையலறையில் சுவரோடு சாய்ந்து நிற்பார்கள். டிவியின் சத்தம் மாறியதும் ஆளுக்கொரு டம்ளரோடு திரும்புவார்கள். அந்தத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. டம்ளர்கள் சோபாவுக்குப் பக்கத்தில் தரையில் வரிசையாக நிற்கும்.

அந்த வரிசையை எண்ணித்தான் சின்னவன் படங்களுக்கு மதிப்பெண் போடுவான். "இன்னிக்குப் படம் மூணு டம்ளர். போன வாரத்துது ஏழு. ஏழுன்னா எப்படிப்பட்ட படம்னு நீயே யோசிச்சுக்கோ."

அவனுக்கு வயது பதினாலு, பெரியவளுக்குப் பதினேழு.

அம்மாவைக் கடைத்தெருவில் ஜிப்பக்கா என்பார்கள். மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்த துணி திருத்தும் கடையில் அவளுக்குப் பதினெட்டு வருட வேலை. இடுப்பைப் பிரித்து விடுவது, கால் உயரத்தைக் குறைப்பது, கிழிந்த பையைத் தைப்பது எல்லாம் செய்வாள். ஆனால் பல் போன ஜிப்பை ஐந்து நிமிடத்தில் மாற்றித் தருவதில் அவளுக்கு ஈடு கிடையாது. அதனால் அந்தப் பெயர். அதிகம் பேச மாட்டாள். பேசினாலும் வாடிக்கையாளரின் காலடியில் மண்டியிட்டு, பேண்ட் மடிப்பில் குண்டூசி குத்தும்போதுதான் பேசுவாள். அப்போது எதிரே இருப்பது முகம் இல்லையே, செருப்புதானே.

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். விடியும் முன்னால் போனால் அவர் திரும்பும் நேரம் அவருக்கே தெரியாது. பெரியவளுக்கு டியூஷன், சின்னவனுக்குப் பந்து விளையாட்டு. நாலு பேரும் ஒரே அறையில் இருப்பது ஞாயிறு மாலை ஆறிலிருந்து எட்டு வரைக்கும்தான். இப்போது அதற்கும் ஆபத்து வந்திருந்தது. பெரியவளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. தூரத்து ஊரில் விடுதியில் சேர வேண்டும். நாள்காட்டியில் விரல் வைத்துப் பார்த்தபோது எட்டு ஞாயிறு இருந்தது.

ஜிப்பக்கா ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். யாரையும் எழுப்பி அனுப்பாமல் நாலு பேரும் ஒரு நிகழ்ச்சியை முழுசாக உட்கார்ந்து பார்க்க வேண்டும், ஒரு தடவையாவது சேர்ந்து சிரிக்க வேண்டும். இது பேராசையா? நூற்று எண்பது சேனல் வருகிறது. நூற்று எண்பதில் ஒன்று கிடையாதா?

ஒவ்வொரு படம் தொடங்கும் முன்னாலும் ஒரு பெண்குரல் இனிக்க இனிக்கச் சொல்லும்: குடும்பத்துடன் கண்டு மகிழுங்கள். எந்தக் குடும்பம்? அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியைப் பிடித்து வந்து, இந்த சோபாவில் வயசுப் பெண்ணுக்கும் அவளுடைய அப்பாவுக்கும் நடுவில் உட்காரவைத்து, இப்போது மகிழு பார்க்கலாம் என்று சொல்ல வேண்டும் போல ஜிப்பக்காவுக்கு வரும்.

எட்டில் முதல் ஞாயிறு மிருகங்களுக்குப் போனது. வாயில்லா ஜீவன்கள், அதுகளிடம் என்ன வம்பு என்று நம்பித்தான் போட்டாள். பத்து நிமிடம் மான்கள் அழகாக ஓடின. பிறகு ஒரு கலைமான் முன்னங்காலைத் தூக்கியது. பின்னணியில் ஒரு ஆள் கொஞ்சமும் கூச்சப்படாமல் நிதானமாக விளக்க ஆரம்பித்தான். அன்று தண்ணீர் கேட்டது அப்பா.

இரண்டாவது ஞாயிறு குழந்தைகள் பாட்டுப் போட்டி. தோற்றுப்போன ஆறு வயதுப் பிள்ளை உதட்டைப் பிதுக்கி அழுதது. அந்த அழுகையை மூன்று கோணத்தில், மெதுவாக, சோக இசையோடு திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அடுத்தவர் பிள்ளையின் கண்ணீரைப் பிழிந்து காயப்போடுகிறார்களே என்று ஜிப்பக்கா டிவியை அணைத்தாள். மூன்றாவது வாரம் தொடர்கதை. அதில் ஒரு அண்ணிக்காரி பாலில் என்ன கலந்தால் எத்தனை மணி நேரத்தில் வேலை செய்யும் என்று பாடமே நடத்தினாள்.

மூன்று ஞாயிறு போய்விட்டது. ஜிப்பக்கா காலடியிலிருந்து விசாரிக்கத் தொடங்கினாள்.

"பிள்ளைங்களோட பாக்கற மாதிரி ஏதாவது இருக்குதுங்களா?" என்று செருப்புகளைப் பார்த்துக் கேட்பாள். ஒரு செருப்பு கிரிக்கெட் என்றது. ஒரு பூட்ஸ், "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குத் தெரியாததாக்கா?" என்று சிரித்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இடுப்பைப் பிரித்து விட வரும் கணக்கு சார் மட்டும் உறுதியாகச் சொன்னார்.

"இந்த ஞாயிறு டிவில வர்ற ஒரு படம் சொல்றேன், தைரியமா போடுங்கக்கா. ஒரே ஒரு தப்பான சீன் கிடையாது. நானே என் பொண்ணோட உக்காந்து பாத்தேன்."

கணக்கு எழுதும் வேலையில் ஒரு ரூபாய் வித்தியாசத்துக்கு ஒரு வாரம் தூங்காத மனிதர் அவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். படத்தின் பெயரைத் துணி தேய்க்கும் மேஜையின் ஓரத்தில் சாக்பீஸால் எழுதிக்கொண்டாள்.

அந்த ஞாயிறு படம் ஓடியது. முக்கால் மணி நேரம் ஆயிற்று, ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, தரையில் ஒரு டம்ளர் இல்லை. கதாநாயகனின் குண்டு நண்பன் உட்கார்ந்த நாற்காலியெல்லாம் உடைந்தது. கொஞ்சம் பூசின உடம்புக்காரனான சின்னவன்தான் அதற்கு அப்பாவையும்விடச் சத்தமாகச் சிரித்தான். அப்பா கால்களை நீட்டிக்கொண்டார். ஜிப்பக்கா பல மாதங்களுக்குப் பிறகு சோபாவில் முதுகைச் சாய்த்தாள்.

அப்போது கதாநாயகி அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் கதாநாயகனை எதிர்த்துப் பேசினாள். அவன் நடந்து வந்தான். கிட்டே வந்தான். ஜிப்பக்காவின் தொண்டை தயாரானது. அவன் ஓங்கி ஒரு அறை விட்டான். அவள் முகம் ஒரு பக்கம் திரும்பி, முடி கலைந்து விழுந்தது. அவன் இரண்டு வரி வசனம் பேசினான். அவள் அழுதாள். அப்புறம் அவனைப் பார்த்த பார்வையே வேறாக இருந்தது. பாட்டு ஆரம்பித்தது.

"அவ்வளவுதான், அடங்கிட்டா பாரு!" என்று அப்பா தொடையில் தட்டினார். சின்னவன் சிரித்தான். முத்தம் இல்லாமல் போனதே என்ற நிம்மதியில் ஜிப்பக்காவும் சிரித்துவிட்டாள்.

பெரியவள் எழுந்து போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தட்டில் நாலு டம்ளர் தண்ணீரோடு வந்து, டிவிக்கு முன்னால் வைத்தாள்.

"யாருடி தண்ணி கேட்டா?"

"யாரும் கேக்கல. அதான் நானே கொண்டுவந்தேன்."

"எதுக்கு?"

"கட்டிப் பிடிச்சா தண்ணி. கன்னத்துல அறைஞ்சா சிரிப்பு. என்னம்மா கணக்கு இது?"

"சினிமாடி அது" என்றார் அப்பா.

"முத்தமும் சினிமாதானேப்பா. அதுக்கு மட்டும் எங்கள ஏன் துரத்துறீங்க?"

அப்பா ரிமோட்டை எடுத்து அதன் பின்பக்கத்தைப் பார்த்தார். ஜிப்பக்காவுக்கு முதலில் மகள் மேல்தான் கோபம் வந்தது. "இருக்கறது இன்னும் நாலு ஞாயிறு. அதையும் கெடுக்கணுமா உனக்கு?"

"நான் கெடுக்கலம்மா" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் உள்ளே போனாள். அறை வாங்கியவள் திரையில் மலைச்சரிவில் ஆடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தையல் மெஷினை மிதிக்க மிதிக்கக் கோபம் இடம் மாறியது. சின்ன வயதிலிருந்து ஜிப்பக்கா சினிமாவில் எத்தனை அறை பார்த்திருப்பாள்! அண்ணன் தங்கையை, கணவன் மனைவியை, காதலன் காதலியை. ஒன்றுக்காவது அவளை யாராவது எழுப்பித் தண்ணீர் எடுக்க அனுப்பினார்களா? அவளும்தான் யாரை அனுப்பினாள்? பிள்ளைகளைக் காப்பதாக நினைத்து இத்தனை வருடம் தவறான வாசலில் காவல் நின்றிருக்கிறாள். ஒரு ஜிப்பைத் தலைகீழாகத் தைத்து, பிரித்து, மறுபடியும் தைத்தாள். அவள் கையால் அப்படி ஆனதே இல்லை.

புதன்கிழமை கணக்கு சார் புது பேண்ட்டோடு வந்து அளவு பார்க்கும் முக்காலியில் ஏறி நின்றார். "படம் எப்படிக்கா? சொன்னேன்ல?"

ஜிப்பக்காவின் உதட்டிடுக்கில் நாலு குண்டூசி இருந்தது. வழக்கமாகத் தலையை ஆட்டியிருப்பாள். அன்று ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சில் குத்திவிட்டு எழுந்து நின்றாள். எழுந்தாலும் அவர் சட்டையின் இரண்டாவது பொத்தான் வரைக்கும்தான் எட்டினாள்.

"தப்பான சீன் இல்லேன்னீங்களே சார்."

"எங்க இருக்கு? ஒரு முத்தம்கூடக் கிடையாதே!"

"அந்தப் பொண்ண அறையறானே."

"ஓ, அதா!" அவர் சிரித்தார். "அது பாசத்துல அடிக்கறதுக்கா. அவளும் ஓவராத்தானே பேசினா."

"உங்க பொண்ணும் பாத்துச்சா?"

"பக்கத்துலதான் உக்காந்திருந்தா."

"என்ன சொல்லிச்சு?"

அவர் பேண்ட்டின் இடுப்பை இழுத்து விட்டுக்கொண்டார். "அவ... அந்த நேரம் போன் பாத்துட்டு இருந்தா."

"வீட்டுக்குப் போய்க் கேட்டுப் பாருங்க சார்."

கல்லாவிலிருந்து முதலாளியம்மா தலையை நீட்டினாள். "என்ன ஜிப்பு, சாரோட சண்டையா?"

"சண்டை இல்லைங்கம்மா. படம் விசாரிச்சேன்."

மறுபடி மண்டியிட்டாள். முதல் ஊசி துணியைத் தாண்டிக் கணுக்காலில் ஏறியது. "ஆ!" என்று கணக்கு சார் முக்காலியில் துள்ளினார். மன்னிப்புக் கேட்டாள். பாசத்தில் குத்தியது என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு ரிமோட்டை எடுத்து நடு மேஜையில் வைத்தாள். "இனிமே நான் மட்டும் தண்ணி கேக்கறதில்ல. யாருக்கு எது பாக்க முடியலையோ அவங்க கேக்கலாம். கேட்டா உடனே மாத்திடணும். ஏன்னு யாரும் கேக்கக் கூடாது."

"அப்படின்னா ஒரு படமும் முடியாது" என்றார் அப்பா.

"முடியலன்னா போகட்டும்ங்க. எவன் அழுதான்?"

படத்தைப் பெரியவள் தேர்ந்தெடுத்தாள். இருபதாவது நிமிடத்தில் ரயில் நிலையத்தில் இரண்டு பேர் கிட்டே வந்தார்கள். மூன்று தலைகள் ஜிப்பக்கா பக்கம் திரும்பின. தொண்டை நிஜமாகவே வறண்டது. சோபாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அப்பா மின்விசிறியில் படிந்த தூசியை ஆராய்ந்தார். நாலு விநாடி. ரயில் கிளம்பிவிட்டது.

"அம்மா, உசிரோட இருக்கியா?" என்றான் சின்னவன்.

பெரியவள் குபீரென்று சிரித்தாள். அப்பாவுக்குப் புரையேறியது. ஜிப்பக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். சிரித்து முடித்த பிறகுதான் நாலு பேரும் சேர்ந்து சிரித்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. இவ்வளவுதானா அது?

கொஞ்ச நேரத்தில் இந்தப் படத்திலும் ஒரு குண்டுப் பையன் வந்தான். இவனுக்கும் நாற்காலி உடைந்தது. பள்ளிக்கூடமே சுற்றி நின்று பன்றி, பூசணி, தண்ணி லாரி என்று கூவியது. அப்பா சிரித்தார். சின்னவனின் பெரிய சிரிப்பு வருமென்று எல்லோரும் அறியாமலே காத்திருந்தார்கள். வரவில்லை. அவன் தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, தண்ணி."

"என்னடா, காமெடிதானே..." என்று ஆரம்பித்த அப்பா பாதியில் நிறுத்தினார். பெரியவள் எட்டி ரிமோட்டை அழுத்தினாள்.

ஜிப்பக்கா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். எவ்வளவு நாளாக? இப்படிப்பட்ட காட்சிகளுக்கெல்லாம் இவன்தானே எல்லோருக்கும் முன்னால் சிரிப்பான். யாரும் திரும்பித் தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்று முந்திக்கொண்டு சிரித்திருக்கிறான். எந்த மகராசன் உட்கார்ந்து இதை எழுதினான்? எத்தனை பேர் கூடி இது சிரிப்பு என்று முடிவு செய்தார்கள்? அதற்கு மேலே, அனைவரும் பார்க்கலாம் என்று முத்திரை வேறு! அனைவரில் என் பிள்ளை சேர்த்தி இல்லையா? டம்ளர் நிறைந்து தண்ணீர் கையில் வழிந்துகொண்டே இருந்தது.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். சின்னவன் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெறும் டம்ளரைத் தந்தான். அவனை ஒட்டியே உட்கார்ந்தாள்.

டிவியில் இப்போது பெரிய இயந்திரம் ஒன்று மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போட்டுக்கொண்டிருந்தது. அது எந்த கியரில் ஓடுகிறது என்று அப்பா விளக்க ஆரம்பித்தார். அதற்கு கியரே கிடையாது என்று திரையில் எழுத்து வந்தது.

"அப்பா, அது பஸ் இல்லப்பா" என்றாள் பெரியவள்.

"எல்லாம் வண்டிதான்டி." தொண்டையைச் செருமிக்கொண்டார். கை மகனின் தோளுக்குப் போய் அங்கேயே தங்கியது. "ஆமா, உன் ஹாஸ்டல்ல டிவி உண்டா?"

"ஹால்ல ஒண்ணு இருக்காம். அம்பது பேர் பாப்பாங்களாம். தண்ணி கொண்டாந்து குடுக்கத்தான் ஆள் இருக்காது."

"நீ யாரையும் தண்ணி கேக்காத" என்றாள் ஜிப்பக்கா. நினைத்ததைவிடக் குரல் பெரிதாக வந்தது. "அம்பது பேர் இருந்தாலும் எந்திரிச்சுப் போ. போய் சேனலை மாத்து. எவளாவது ஏன்னு கேட்டா, எங்கம்மா சொன்னாங்கன்னு சொல்லு."