மூணடியாரின் தலையாட்டல்

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூணடியார் என்றால்தான் தெரியும். வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டு அனுமதி வாங்கித் தருவது அவர் தொழில். "பின்பக்கம் மூணடி எடம் விடுங்க. அனுமதி கைக்கு வராம கடப்பாரையைத் தொடாதீங்க" என்று இருபத்தாறு வருடமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஓதியதில் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டது. அவசரப்பட்டு அஸ்திவாரம் தோண்டிவிட்டு வந்து நிற்பவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அப்படித் திட்டுவதில் அவருக்கு ஒரு ருசி இருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்பேர்ப்பட்டவர், கூடப்பிறந்த தங்கை வீடு கட்டும்போது கோட்டை விட்டார்.

தங்கை பதினோரு வருடம் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தவள். அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறவர், அதிர்ந்து பேசாத மனிதர். ஒரு நாள் அவர், "மனு குடுத்தா எத்தனை நாள் இழுப்பாங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். மூணடியாருக்கு அது சுருக்கென்று தைத்தது.

"மாப்ள, அந்த ஆபீஸ்ல நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. மழைக்கு முன்னாடி சுவரை ஏத்துங்க. பேப்பர் தானா பின்னாடி வரும்."

"ஊருக்கெல்லாம் வேணாம்னு சொல்லுவியேண்ணே?" என்றாள் தங்கை.

"ஊரும் நீயும் ஒண்ணா?"

மனு அவர் தோள்பையிலேயே பதினெட்டு நாள் கிடந்தது. இன்று போகலாம், நாளை போகலாம் என்று தள்ளிப்போட்டார். கொடுத்திருந்தால் வாங்குகிறவர்களே சொல்லியிருப்பார்கள், பின்பக்கத்துக்கு இப்போது மூன்றடி போதாது, ஐந்தடி வேண்டும் என்று. விதி மாறி இரண்டு மாதமாகியிருந்தது. ஊருக்கே விதி சொன்னவருக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை.

சுவர் நெஞ்சளவு எழும்பியபோது, அனுமதி தரும் அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்து இறங்கினார். பின்பக்கம் டேப்பைப் பிடித்துப் பார்த்தார். மூன்றடி ஒரு அங்குலம். அனுமதி எங்கே என்று கேட்டார். அனுமதி இல்லை. அப்புறம்தான், செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றவரைக் கவனித்தார்.

"நீங்களா சார் இதுக்கு வரைஞ்சது?"

உண்மையைச் சொன்னால் வரைபடம் போடும் உரிமத்தை மூணடியாரிடமிருந்து பிடுங்கிவிடுவார்கள். உரிமம் போனால் இந்த வயதில் வேறு என்ன தெரியும் அவருக்கு?

தங்கை முன்னால் வந்தாள். "அண்ணன் வேணாம் வேணாம்னுதாங்க சொன்னாரு. நான்தான் கேக்கல." சொல்லிவிட்டு அண்ணன் முகத்தையே பார்த்தாள்.

"அப்படியா சார்?"

மூணடியார் தலையாட்டினார்.

வாயைத் திறந்து பொய் சொல்லக்கூட அவருக்குத் துணிச்சல் இல்லை, வெறும் தலையாட்டல். "இவ்வளவு விவரமான ஆளை வீட்டுலயே வெச்சுக்கிட்டு இப்படியா பண்ணுவீங்க?" என்று ஆய்வாளர் தங்கையைப் பிடிபிடியென்று பிடித்தார். அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். இவருக்குக் காது இரண்டும் சுட்டது. வேலை நின்றது. பின்சுவரை இடிக்கச் சொல்லி உத்தரவும் வந்தது.

இடித்த அன்று அவரும் போய் உட்கார்ந்து, செங்கலில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டிக் கொடுத்தார். "மூணடியார் பேச்சைக் கேட்டிருக்கலாம்லக்கா?" என்றார் கொத்தனார். "என் புத்தி அப்படி" என்று தங்கை சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்குச் செருப்படியாக விழுந்தது. மாப்பிள்ளை இவர் முகத்தைப் பார்க்காமலேயே கல்லை அடுக்கிக்கொண்டிருந்தார். அன்று அவர்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டபோது, மூணடியார் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

புது மனு எழுத அண்ணனும் தங்கையும் அலுவலகத்துக்கே போனார்கள். வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு வந்தார். ஒரு கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அனுமதிக்கு முன்பே பணி தொடங்கியிருந்தால் காரணம் என்ன என்று அதில் கேட்டிருந்தது. எத்தனையோ பேருக்கு அதில் 'அறியாமை' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் கொடுத்தவர் அவர். இவளுக்கும் அதையே எழுதினால் ஒருவரும் கேட்கப்போவதில்லை.

வெகு நேரம் கழித்து எழுதினார்: 'வரைபடம் போட்ட நான்தான் தொடங்கச் சொன்னேன். உரிமையாளர் மேல் தவறில்லை. இதை ஆய்வாளரிடம் மறைத்தேன்.' கீழே கையெழுத்துப் போட்டு, உரிம எண்ணையும் எழுதித் தங்கையிடம் நீட்டினார்.

அவள் எழுத்துக் கூட்டுகிற மாதிரி நிதானமாகப் படித்தாள். 'எதுக்குண்ணே இதெல்லாம்' என்று கையைப் பிடிப்பாள், தாளைக் கிழிக்கச் சொல்வாள் என்று அவருக்குள் ஒரு நப்பாசை இருந்தது. அந்த நப்பாசையை நினைத்தும் வெட்கமாகத்தான் இருந்தது.

அவள் தன் கையெழுத்தைப் போட்டாள். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"அன்னிக்கு நான் அப்படிச் சொன்னதும், நீ குறுக்க விழுந்து, 'இல்லைங்க, நான்தான்'னு சொல்லிடுவேன்னு நெனச்சேண்ணே" என்றாள். "அதான் உன் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னேன்."