மாதாவுக்கு வெட்டிய கல்

நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. எழுபதுகளில் எங்கள் ஊருக்கு நேரே கடலுக்குள் பவளப்பாறை கிடந்தது. பார் என்போம். சுண்ணாம்புக் காளவாசலுக்கும் ஃபேக்டரிக்கும் அந்தக் கல்லை வெட்டி வெட்டித் தூத்துக்குடிக்கு ஏற்றினார்கள். பக்கத்து ஊர்களில் பார் மொட்டையானதும் மீனும் போயிற்று, கரையையும் அலை அரித்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எங்கள் ஊர் மாதா கோவில் முற்றத்தில் கூடி, இனி ஒருத்தனும் கல் வெட்டக் கூடாது என்று முடிவெடுத்தது. மீறினால் அவன் வள்ளத்தைக் கரையேற்ற யாரும் தோள் கொடுக்கக் கூடாது. கடற்கரையில் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

முதலில் மாட்டியவன் என் தம்பி. வலை கிழிந்து தொழில் இல்லாமல் கிடந்தபோது ஒரு நடை கல் வெட்டிவிட்டான். அப்புறம் தினமும் அலையில் அவன் ஒற்றை ஆளாக வள்ளத்தோடு மல்லுக்கட்ட, ஊரே கையைக் கட்டிக்கொண்டு கரையில் நின்றது. என் புருஷனும் நின்றார், நானும் நின்றேன். ஆனாலும் ஊர்க்கட்டு சரி என்றுதான் இருந்தேன். அலைக்கு முதல் வீடு என் வீடு. பார் போனால் கடல் நேரே என் அடுப்படிக்குத்தான் வரும். தம்பி வள்ளத்தை விற்றுவிட்டு ஹார்பருக்கு மூட்டை தூக்கப் போனான்.

அடுத்த வருஷம் கோவிலுக்கு முன்மண்டபம் கட்ட வேண்டுமென்று அதே முற்றத்தில் அதே ஆட்கள் கூடினார்கள். கல்லைப் பாரிலேயே வெட்டிக்கொள்ளலாம் என்று ஊர்த்தலைவர் சொன்னார். ஒரு வாய் மறுக்கவில்லை. அடப்பாவிகளா! பெண்கள் பக்கத்திலிருந்து நான் எழுந்துவிட்டேன்.

"எந்தம்பி வெட்டுனா பாவம், நீங்க வெட்டுனா புண்ணியமா?"

"ஏளா, வாய அடக்கு. மாதா காரியத்துக்குக் குறுக்க நிக்காத" என்றார் தலைவர்.

"மாதாவா வந்து கேட்டா? ஓலைக் கொட்டகையில வச்சாலும் அவ கோவிச்சுக்க மாட்டா. பாரு போச்சுன்னா எம்புள்ளைங்க எங்கன போவும்?"

என் புருஷன் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் கடப்பாறையைத் தூக்கிக்கொண்டு அவரும்தான் போனார். அன்றைக்கு அவருக்கு நான் சோறு போடவில்லை.

மண்டபம் எழும்பியது. திருவிழாவுக்கு வந்தவர்கள் ஆகா ஓகோ என்றார்கள். ஐப்பசியில் வாடைக்காற்று எழும்பிய அன்று கடல் எங்கள் வாசலைத் தின்றுவிட்டு அடுப்படிச் சுவரைச் சாய்த்தது. முன்னால் அலையை உடைக்க ஒன்றுமில்லை.

தலைவர் ஆட்களோடு ஓடி வந்தார். முகத்தில் அப்படி ஒரு கரிசனம்.

"பயப்படாதளா. கோவிலுக்கு வெட்டுனதுல மிச்சக் கல்லு கெடக்கு. வீட்டுக்கு முன்னால அடுக்கிருவோம்."

நாசமாய்ப் போவீர்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அடுத்த அலை படியேறி, பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பாயை நனைத்தது.

"அடுக்கித் தொலைங்க" என்றேன்.